இலவசச் சீட்டும் வராத பேருந்தும்

காலை பதினொரு மணிக்கு ஏதேனும் ஒரு நகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். அலுவலகக் கூட்டம் ஓய்ந்த அந்த நேரத்தில் இருக்கைகளில் பெரும்பாலும் பெண்களே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவர் மடியில் குழந்தை. ஒருவர் கையில் ரேஷன் பை. இன்னொருவர் மருத்துவமனையில் இருக்கும் மாமியாருக்குச் சாப்பாடு கொண்டு செல்கிறார். ஆண்களில் பலரது பயணம் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ஒரே கோடு. பெண்களின் பயணமோ பள்ளி, கடை, மருத்துவமனை, வேலை என்று துண்டு துண்டானது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சீட்டு, தனிக் காத்திருப்பு.

சீட்டின் சுமையைத் தமிழகம் 2021 மே மாதத்தில் இறக்கி வைத்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றானதால், பயன்பெறும் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. 'இலவசம் எதற்கு?' என்று கேட்போருக்கு என்னிடம் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் இருப்பது ஒரே ஒரு இருசக்கர வாகனம் என்றால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆனால், காத்திருப்பு குறையவில்லை. கட்டணம் உள்ள சொகுசுப் பேருந்துகளைப் போகவிட்டு, சாதாரணப் பேருந்துக்காக நிற்கும் பெண்களைச் சென்னையின் நிறுத்தங்களில் காணலாம். நாளுக்கு இரண்டு மூன்று நடை மட்டுமே பேருந்து வரும் கிராமத்தில், இலவசம் என்பது பிரதான சாலைவரை நடந்த பிறகுதான் தொடங்குகிறது.

தொலைவே தடை என்பதற்குப் பிஹார் நல்ல சான்று. 2006இல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் மிகுதி. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்களின் சைக்கிளையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. எந்தப் போக்குவரத்துத் திட்ட அறிக்கையும் இதை யோசித்திருக்காது.

யோசிக்காததற்குக் காரணம், இப்பயணங்கள் கணக்கிலேயே வராததுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பயணத் தொலைவையும் பயண முறையையும் விவசாயம், குடிசைத் தொழில் அல்லாத பிற வேலை செய்வோரிடம் மட்டுமே கேட்டது. குழந்தையைப் பள்ளியில் விடச் செல்பவரும், களையெடுக்கச் செல்பவரும் அந்த அட்டவணையில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 'வேலைக்கு எப்படிச் செல்கிறீர்கள்?' என்பதோடு நிறுத்தாமல், 'நேற்று எங்கெல்லாம் சென்றீர்கள், எதில் சென்றீர்கள்?' என்று மாதிரிக்குச் சில குடும்பங்களிலாவது கேட்கட்டும். பேருந்துக் கால அட்டவணையை அதற்குப் பிறகு எழுதலாம்.