முக்காடும் ஆடுகளப் பாதுகாப்பும்

ஆடுவோரின் உடலைக் காக்கும் விதி சான்றின்மீதே எழுதல் வேண்டும். கால்பந்தாட்டத்தில் முக்காட்டுக்கு நேர்ந்த வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

கழுத்து நெரிபடும் என்னும் அச்சமே தடைக்குக் காரணமாகக் காட்டப்பெற்றது. 2011 ஜூனில், அம்மான் நகரில், ஜோர்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஈரானிய மகளிர் அணி இதனால் ஆடவியலாது போயிற்று. பின்னர் ஜோர்தான் இளவரசர் அலீ பின் அல்ஹுசைன் முன்னின்று வாதாடினார். எளிதிற் கழலும் முக்காடு வடிவமைக்கப்பெற்றது. முக்காட்டால் காயம் நேர்ந்ததாக மருத்துவ ஆய்வேடுகளில் பதிவில்லை என்பதும் வெளிப்பட்டது. 2012 ஜூலையில் சோதனை முறையிலும், 2014 மார்ச்சில் நிலையாகவும் இசைவு கிட்டியது. கூடைப்பந்தாட்டத்தில் 2017இல் தடை நீங்கியது.

வெறும் ஐயம் சான்றாகாது என்பது ஃபிக்ஹு பயின்ற நமக்குப் புதிதன்று. ஆயினும், அம்மானில் அவ்வீராங்கனையர் இழந்த வாய்ப்பை எந்த இசைவும் மீட்டுத் தரவில்லை.