வாய்ச்சொல் சென்ற தொலைவு: வடக்கெல்லையில் ஒரு மொழிச் சமூகம் உருவான கதை

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று அம்மாவட்டத்தின் திருத்தணி வட்டத்தில் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஆணையங்கள், தீர்ப்புகள், தலைவர்களின் சிறைவாசங்கள் ஆகியவற்றின் வழியே விவரிக்கின்றன. அவற்றுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டிய ஒரு கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியுமாக வாழ்ந்து பழகிய ஊர்களில் 'நாம் ஒரு மொழியினர்' என்ற எண்ணம் எவ்வாறு பரவியது?

சித்தூர் மாவட்டம் பழமையானதன்று. 1911இல், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து ஆங்கில அரசு அதை அமைத்தது. அரசின் வசதிக்காக வரையப்பட்ட அந்த எல்லைக்குள் தமிழ் மிகுந்த தெற்கு வட்டங்களும் தெலுங்கு மிகுந்த வடமேற்கு வட்டங்களும் ஒருங்கே அடங்கின. நடுவில் இருந்த ஊர்களில் இரு மொழிகளும் கலந்தே வழங்கின. இத்தகைய நிலப்பரப்பில் ஒருவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு ஊர், சாதி, குலதெய்வம், பாளையம் எனப் பல விடைகள் இருந்தன. மொழி அவற்றுள் முதல் விடையாக இருந்தாக வேண்டிய தேவை எழவில்லை. மாநிலங்களை மொழிவழி பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்த பிறகே அத்தேவை எழுந்தது.

தேசிய உணர்வின் தோற்றத்தை அச்சுடன் பிணைத்துக் கூறுவது இன்று ஆய்வுலகின் வழக்கம். 1983இல் வெளிவந்த பெனடிக்ட் ஆண்டர்சனின் நூல் இதற்கு வலுவான வாதத்தை அளித்தது: ஒரே செய்தித்தாளைப் படிக்கும் முன்பின் அறியாதவர்கள், ஒருவரையொருவர் உறவினராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆனால் வடக்கெல்லைக்கு இவ்வாதம் அப்படியே பொருந்துவதில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18 விழுக்காட்டினரே. ம.பொ. சிவஞானத்தின் 'செங்கோல்' போன்ற இதழ்கள் எல்லைக் கோரிக்கையை ஓயாமல் எழுதின. அவ்வெழுத்து ஒரு சிற்றூரை அடைய வேண்டுமானால், அங்கே அதைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். கேட்பவர்கள் நம்பும் ஒருவராகவும் அவர் இருக்க வேண்டும்.

அந்த ஒருவரை உருவாக்கும் பணியைச் செய்தவர் மங்கலங்கிழார். அரக்கோணம் வட்டாரத்தில் பிறந்த இத்தமிழாசிரியர், அரக்கோணத்தை அடுத்த குருவராசப்பேட்டையை நடுவிடமாகக் கொண்டு, சுற்றியிருந்த ஊர்களில் தமிழ்ச் சங்கங்களை அமைத்தார்; ஊதியம் கருதாது இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். முறையான பள்ளிக் கல்வி வாய்க்காத பெரியவர்களும் உழைப்பாளிகளும் அவரிடம் பாடம் கேட்டனர். கற்றவர்களுள் சிலர் ஆசிரியர்களாகித் தத்தம் ஊர்களில் அதே பணியைத் தொடர்ந்தனர். ஒருவர் சொல்லி மற்றொருவர் வந்து, அவர் தம் ஊருக்குச் சென்று மேலும் பலருக்குச் சொல்லுதல் என்பதே இவ்வமைப்பு வளர்ந்த முறை. வடக்கெல்லைப் போராட்டம் அரசியல் வடிவம் பெற்றபோது அது கால்கொள்ள ஒரு தளம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. சங்கத்துக்கு வந்தவர்கள் எல்லையை மீட்பதற்காக வந்தவர்கள் அல்லர், படிப்பதற்காக வந்தவர்கள். எல்லை பற்றிய பேச்சு பின்னர் வந்தது. பாடம் சொன்னவரே அதையும் சொன்னதால் அதற்குச் செவி கிடைத்தது.

இவ்வியக்கத்தை விளங்கிக்கொள்ள இரண்டு ஆய்வுகள் துணைசெய்கின்றன. இலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட ஆய்வு, வானொலியும் பத்திரிகையும் மக்களின் கருத்தை நேரடியாக மாற்றுகின்றன என்ற எண்ணத்தை அசைத்தது. செய்தி முதலில் சிலரை அடைகிறது. அவர்களை அறிந்தவர்கள் அவர்கள் வாயிலாகவே அதை ஏற்கிறார்கள் என்று அது காட்டியது. அத்தகையோர் உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் நம்மைப் போன்றே வாழும் அண்டை வீட்டார். மொழியியலில் லெஸ்லி மில்ராய் பெல்ஃபாஸ்ட் நகரின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு கோணத்தைத் தருகிறது. ஒரே மனிதர் உறவினராகவும் உடன் வேலை செய்பவராகவும் அண்டை வீட்டாராகவும் அமையும் அடர்ந்த பிணைப்புகளில்தான் வட்டார வழக்கு வலுவாக நிலைத்தது. குருவராசப்பேட்டையைச் சுற்றிய சங்கங்கள் இத்தகைய பிணைப்புகளின் மேல் எழுந்தவை.

திருப்பதியில் நிகழ்ந்தது வேறு. இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டிலேயே ம.பொ.சி. தம் தோழர்களுடன் திருப்பதிக்குச் சென்று, வேங்கடம் தமிழகத்தின் வடக்கெல்லை என்ற கோரிக்கையை முழங்கினார். முந்தைய ஆண்டில் அவர் நிறுவிய தமிழரசுக் கழகத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் அது ஒன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாக வேங்கடத்தைக் குறிப்பதே அதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டது. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்ற முழக்கம் சென்னையிலும் தெற்கு மாவட்டங்களிலும் எளிதில் பரவியது. திருப்பதியில் அது எதிர்ப்பைச் சந்தித்தது. மேடையில் ஒலித்த சொல்லை மறுநாள் தெருவில் எடுத்துச் சொல்லும் வாய்கள் அங்கே குறைவு. சொன்னவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். கேட்டவர்களுக்கோ தங்கள் ஊரின் அன்றாடத்தில் வேறு பிணைப்புகள் இருந்தன.

ஆந்திர மாநிலம் அமைந்த 1953இல் திருத்தணியில் கடையடைப்பும் மறியலும் நடந்தன. பலர் சிறை சென்றனர். வழக்கறிஞர் கே. விநாயகம் போன்ற உள்ளூர்த் தலைவர்கள் முன்னின்றனர். அதே ஆண்டில் மங்கலங்கிழார் மறைந்தார். பின்னர் எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். சிற்றூரே அலகு, மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகியவை அவர் கைக்கொண்ட நெறிகள். அவர் தீர்ப்பின் அடிப்படையில் 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்கும் மாறின. மாலவன் குன்றம் போயினும் வேலவன் குன்றமாவது கிடைத்ததே என்று தமிழரசுக் கழகத்தார் ஆறுதல் கொண்டனர்.

திருத்தணி கிடைத்ததற்குச் சங்கங்களே காரணம் என்றும், திருப்பதி கிடைக்காததற்கு அவை இல்லாமையே காரணம் என்றும் முடிவு கட்டுவது பிழையாகும். தீர்ப்பை நிர்ணயித்தது மக்கள்தொகைக் கணக்கின் மொழிவிவரம்; திருத்தணியில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினர் என்பது எந்தச் சங்கத்தாலும் விளைந்ததன்று. ஆயினும் பெரும்பான்மையாக இருப்பதும், பெரும்பான்மை என்று உணர்ந்து ஒன்றாகக் குரல் கொடுப்பதும் வெவ்வேறானவை. முன்னது கணக்கேட்டில் இருக்கும். பின்னதை யாரேனும் ஊர் ஊராகச் சென்று சொல்ல வேண்டும். சிற்றூரே அலகு என்று நெறி வகுக்கப்பட்ட நிலையில், சிற்றூர் அளவில் ஏற்கெனவே பேசப்பட்டிருந்த சொல்லுக்குத் தனி எடை கிடைத்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தெலுங்கு மக்களும் இதே வழியில்தான் ஒரு சமூகமாகத் தம்மை உணர்ந்தனர். 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி அவர்களின் ஊர்களை உலுக்கியது. ஒருவரை உள்ளே அழைக்கும் சொல்லே மற்றொருவரை வெளியே நிறுத்தியது. இரு மொழிகளையும் தமதாகக் கொண்டிருந்த குடும்பங்களிடம் கணக்கெடுப்பு ஒரே தாய்மொழியைத்தான் கேட்டது. 1960க்குப் பின் திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருந்தன. சித்தூர், நகரி, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வாய்ப்பது, எல்லையின் எந்தப் பக்கம் அவர்கள் ஊர் விழுந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று. எல்லைக்காகப் பேசிய இயக்கங்கள், எல்லை வகுக்கப்பட்ட பின் அவர்களைப் பற்றிப் பேசியது குறைவே. வடக்கெல்லைப் போராட்டத்தை வெற்றி அல்லது தோல்வி என்று மட்டும் எழுதும் வரலாறுகளில் இக்குடும்பங்களுக்கு இடமில்லை.

திருப்பதி தமிழை முற்றிலும் இழந்ததா என்ற கேள்விக்கும் எளிய விடை இல்லை. 1954இல் அங்கே நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றுவிக்கப்படுகிறது. அதற்கும் நெடுங்காலம் முன்பே வேங்கட மலையில் ஒரு வாய்மொழிச் சமூகம் வேரூன்றியிருந்தது. ஆழ்வார்களின் பாசுரங்களை ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் மரபு, அரசுகள் மாறியும் அறாமல் தொடர்ந்தது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. அதைச் செவிமடுப்போரில் தெலுங்கர், கன்னடர், தமிழர் எல்லாரும் உண்டு. அச்சமூகத்தில் சேர எவரும் தம் தாய்மொழியை அறிவிக்க வேண்டியிருந்ததில்லை.

மங்கலங்கிழாரின் சங்கங்களும் தொடக்கத்தில் இவ்வாறே இருந்தன: பாடம் கேட்க விரும்புவோர் வரலாம். எந்தக் கட்டத்தில், எந்த அழுத்தத்தால், பாடம் கேட்க அழைத்த சொல் எல்லை கோரும் சொல்லாக மாறியது என்பதை ஊர்வாரியாக ஆராய வேண்டியுள்ளது. அச்சங்கங்களில் பயின்றவர்களின் நினைவுகள் பெரும்பாலும் எழுதப்படாதவை. அவை இன்று அவர்களின் மக்கள், பேரமக்கள் வாயில்தான் இருக்கின்றன. திருத்தணியின் இரு புறத்துச் சிற்றூர்களிலும், தமிழிலும் தெலுங்கிலும், அந்நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் அதிகமில்லை.