லாரிக்குள் வந்த அலுமினியப் பெட்டி

லாரி எஞ்சினுக்குள் கணினி நுழையக் காரணம் புகைதான். 1991 முதல் கனரக எஞ்சின்கள் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.25 கிராமுக்கு மேல் கரித்துகள் கக்கக்கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்கூட்டியே சொல்லிவிட்டது. எஞ்சின் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. கேமும் ஸ்பிரிங்கும் கவர்னர் எடைகளும் அளந்து ஊற்றும் டீசலில் அந்தத் துல்லியத்தை எட்டுவது பெரும்பாடு. டெட்ராய்ட் டீசல் முந்திக்கொண்டது. 1985-இல் தன் 92 வரிசை எஞ்சினில் டிடெக் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொடுத்தது. 1987-இல் வந்த 60 வரிசையில் அது இல்லாத எஞ்சினே கிடையாது.

அதற்கு முன் லாரி உலகை ஆண்டது, பாஷ் நிறுவனம் 1927-இல் தயாரிக்கத் தொடங்கிய இன்லைன் டீசல் பம்பு. நம் ஊருக்கு அந்த வித்தை, 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ வழியாக வந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் வளர வளர, பம்பு வேலைக்கென்றே தனிப் பட்டறைகள் முளைத்தன. கழற்றிய பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும்வரை சரிசெய்வார்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, வெண்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. காதும் கண்ணும்தான் ஸ்கேனர். மலைப்பாதையில் வண்டி இழுக்கவில்லை என்று பம்பின் சீலை உடைத்து, திருகைத் திருப்பி, டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லும் ஓட்டுநர்களுக்கும் பஞ்சமில்லை. சட்டம் பூட்டுப் போட நினைத்தது அந்தத் திருகுக்குத்தான்.

ஆரம்ப காலக் கணினிப் பெட்டி மெக்கானிக்கிடம் விளக்கால் பேசியது. டேஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் 'செக் எஞ்சின்' விளக்கு இரண்டு முறை சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், பிறகு ஐந்து முறை சிமிட்டும். டிடெக்கில் 25 என்றால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். வேறு எண் வந்தால் குறித்துக்கொண்டு கையேட்டைப் புரட்ட வேண்டும். பிறகு கையடக்க ரீடர் வந்தது, அப்புறம் லேப்டாப். 1990-களில் ஜே1939 என்ற பொதுத் தரம் உருவானதும் கம்பெனிக்கு ஒரு பாஷை என்ற நிலை ஓரளவு மாறியது. அதன்படி 100 என்றால் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் சூடு. 629 வந்தால் கணினி தன்னைப் பற்றியே புகார் சொல்கிறது.

புகையைக் கட்டுப்படுத்த வந்த பெட்டி, புகைச் சட்டத்தையே ஏமாற்றவும் பயன்பட்டது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது டீசலை மிச்சப்படுத்த டைமிங்கை மாற்றி, நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி விடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 1998 அக்டோபரில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் அமெரிக்க அரசுடன் சமரசத்துக்கு வந்தன. அபராதம் மட்டும் 8.34 கோடி டாலர். இதே மாதிரியான ஃபோக்ஸ்வேகன் கார் விவகாரம் வெடிக்கப் பதினேழு ஆண்டு முன்பே நடந்த கூத்து இது.

இந்திய லாரிகளுக்குக் கணினி நிதானமாகத்தான் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-4 புகை விதி. அதற்கு மூன்று நாள் முன்பு, பழைய பிஎஸ்-3 வண்டிகளை அந்தத் தேதிக்குப் பின் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, வியாபாரிகள் தள்ளுபடி விலைக்கு விற்றுத் தள்ளினார்கள். அசோக் லேலண்ட் அப்போதும் ஐஇஜிஆர் என்ற ஏற்பாட்டைக் காட்டி, பழகிய இன்லைன் பம்பை உடனே கைவிடாமல் பார்த்துக்கொண்டது. உள்ளூர் மெக்கானிக்கை மனதில் வைத்த கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது காமன் ரெயில், யூரியாக் கரைசல், சென்சார் வரிசை எல்லாமே பொதுவாகிவிட்டன.

இன்று வண்டி நடுவழியில் நின்றால் முதலில் எழும் சந்தேகம் 'இசிஎம் போயிடுச்சு', அதாவது எஞ்சின் கணினி கெட்டுவிட்டது என்பதுதான். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெட்டியைத் தொடும் முன் பேட்டரியைப் பார்ப்பார். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் மிகவும் இறங்கினால், நல்ல கணினியும் மயங்கும். அடுத்து எர்த். அப்புறம் கப்ளரைக் கழற்றி, பின்களில் தண்ணீரோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வயர் ஒன்று உரசி எர்த்தில் தொட்டால், ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் செத்ததுபோல ஸ்கேனர் காட்டும். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. கணினிகள் பேசிக்கொள்ளும் ஜே1939 வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியைத் துண்டித்து அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஒரு தடை இல்லை. இவை அனைத்தும் சரியாக இருந்து, பெட்டிக்குள் மின்சாரம் முறையாகப் போயும் அது பேச மறுத்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

நாமக்கல்லுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு அங்கே பாடி கட்டுகிறார்கள். ஆர்க் வெல்டிங் இல்லாமல் அந்த வேலை நடக்காது. பழைய வண்டியில் வெல்டிங் எர்த்தை எங்கே மாட்டினாலும் பெரிய பாதகம் இல்லை. கணினி வண்டியில் வெல்டிங் கரண்ட் குறுக்கு வழியில் பெட்டிக்குள் பாய்ந்தால் அது பொசுங்கும். பேட்டரியைத் துண்டி, கணினிக் கப்ளரைக் கழற்று, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டு என்று வண்டிக் கையேடுகள் சொல்கின்றன.

பெட்டி நிஜமாகவே போய்விட்டால், நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. புதிய பெட்டி பெரும்பாலும் வெறுமையாக வரும். அந்த எஞ்சினுக்குரிய மென்பொருள், சேசிஸ் எண், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீடு, எல்லாவற்றையும் ஏற்றினால்தான் எஞ்சின் ஒழுங்காக ஓடும். அதற்கான சாவி கம்பெனியிடம் இருக்கிறது. பட்டறைக்காரர் வாசலில் நிற்கிறார். அமெரிக்காவில் 2015-இல் லாரித் தயாரிப்பாளர்களும் தனிப் பட்டறைகளும் இந்த வாசலைத் திறப்பதற்காக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராத 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்கு கார்களைப் பற்றியது. லாரிக்காரர்கள் இன்னும் சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது. அதுவரை, புதிய பெட்டிக்குப் பணம் கட்டும் முன் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.