விலகியவரின் பெயர் எந்தப் பதிவேட்டில்?

ஒரு சமயத்தில் சேர்ந்தவர்களின் கதைகள் தமிழில் மிகுதி. ஒரு சமயத்தை விட்டு விலகியவர்கள், விலகிய மறுநாள் முதல் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று சொல்லும் எழுத்து மிகக் குறைவு. பெரியபுராணத்தில் வரும் திருநாவுக்கரசர் வரலாறு இதற்கு ஒரு பெரிய விலக்கு. தருமசேனர் என்ற பெயருடன் சமணத்தில் இருந்தவர் சூலை நோயுற்றுத் தமக்கையிடம் திரும்பிய பிறகு நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கடல் என்று அடுத்தடுத்து நேர்ந்தவற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். ஆயினும் அது அவர் சென்று சேர்ந்த சமயத்தார் சொன்ன வரலாறு என்பதை நாம் மறக்கலாகாது. அவர் விட்டு வந்த மடத்தில் அவரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குத் தமிழில் ஏடு இல்லை.

நம் சொற்களைப் பார்த்தாலே இந்தக் குறை விளங்கும். 'மதமாற்றம்' என்ற சொல் புதிய சமயத்தை நோக்குகிறது. 'தாய்மதம் திரும்புதல்' என்ற தொடர் பழைய வீட்டை நோக்குகிறது. சீர்திருத்தக் கிறித்தவர் வழக்கில் 'பின்வாங்கிப்போனவர்' என்றும், கத்தோலிக்கர் வழக்கில் 'வேதத்தை விட்டவர்' என்றும் சொல்வர். இவை விடப்பட்டவர்கள் வைத்த பெயர்கள். விலகியவர் தம்மைத் தாமே குறித்துக்கொள்ளப் பழிப்பும் பெருமையும் கலவாத ஒரு சொல் நம்மிடம் இல்லை.

போடிநாயக்கனூருக்கு மேலே, குண்டளைப் பள்ளத்தாக்கோடு தொடர்புடைய ஒரு தேர்தல் வழக்குதான் நம்மை இதைப் பற்றி எழுதத் தூண்டியது. அதற்குள் செல்லுமுன், சமய விலகலுக்கென்றே ஒழுங்கான நடைமுறை வகுத்துள்ள ஒரு திருச்சபையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மார்மன் சபை என்று அறியப்படும் அமெரிக்கச் சபை 1830-இல் தோன்றியது. 1853-இல் அதன் மிஷனரிகள் சென்னைக்கே வந்திருக்கிறார்கள். ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் இங்கே தங்கிப் பிரசாரம் செய்து, பெரும்பயன் காணாமல் அடுத்த ஆண்டே கப்பலேறினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1960களில், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சிறு குழு அச்சபையைச் சார்ந்தது. இச்சபையினர் பதிவேடுகளில் மிகுந்த பற்றுடையவர்கள். குடும்பம், திருமணம், முன்னோர் என அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கையோடு பிணைந்தது. ஆகவே அங்கே ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகாமல் நின்றுவிட்டால் மட்டும் ஒருவர் விலகியவர் ஆவதில்லை. எழுத்து மூலம் கேட்டுத் தம் பெயரை உறுப்பினர் பதிவேட்டிலிருந்து நீக்கச் செய்ய வேண்டும். நீங்கிய பின் அவர் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது. மீண்டும் வர விரும்பினால் புதிதாகப் பெற வேண்டும்.

1985-இல் அரிசோனா மாநிலத்தில் ஒருவர் இச்சபையின் மீது வழக்குத் தொடுத்தார். தாம் விலகுவதாகத் தெரிவித்த பின்பு தம்மைச் சபைவிலக்கம் செய்ததாக எழுதியது தவறு என்பது அவர் வாதம். தாமே வெளியேறியவருக்கும் வெளியேற்றப்பட்டவருக்கும் ஊர் தரும் மதிப்பு ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திருந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் பின்னரே, உறுப்பினர் தாமாக விலகலாம் என்ற நடைமுறை சபையின் கையேட்டில் தெளிவாக இடம்பெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே விலகலைப் பற்றிய முதல் கேள்வி ஆன்மாவைப் பற்றியதாக இல்லை. சொத்தைப் பற்றியதாக இருந்தது. பழைய தருமசாத்திர வழக்கின்படி சாதியினின்றும் சமயத்தினின்றும் விழுந்தவனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை. 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் இதை மாற்றியது. சமயத்தைத் துறந்ததாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவருடைய வாரிசுரிமை பறிபோகாது என்றது. வைதிகத் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன. 1863-இல் பெல்லாரிக் குடும்பமொன்றின் ஆபிரகாம் வழக்கில் இலண்டனின் பிரிவி கவுன்சில் இன்னொரு படி சென்றது. கிறித்தவரான இந்து தம் பழைய சமயத்தோடு பழைய சட்டத்தையும் விட்டுவிடலாம். விரும்பினால் சமயத்தை மட்டும் விட்டுச் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. சமயமும் குடும்பமும் தனித்தனியே கழற்றக்கூடியவை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் இது.

இலக்கிய வாசகர்கள் நன்கறிந்த ஒருவர் இதே காலத்தவர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, கிறித்தவரான தந்தைக்கு மகனாக, சார்லஸ் வின்ஸ்லோ என்ற பெயருடன் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரியாக 1857-இல் தேறியவர். பின்னர் கிறித்தவத்தை விட்டுச் சைவரானார். ஆங்கிலத்தில் சி. டபிள்யூ. என்றிருந்த முதலெழுத்துகள் தமிழில் சி. வை. ஆயின; சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை என்று அவற்றை விரிப்பது வழக்கம். மிஷனரியின் பெயர் நின்ற இடத்தில் பிறந்த ஊரும் பெற்ற தந்தையும் வந்து நின்றனர்.

அவருடைய விலகலைச் சைவத்தின் வெற்றியாகவும், நன்றி மறந்த செயலாகவும் இரு தரப்பிலும் பேசியிருக்கிறார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் விலகிய பின்பு வாழ முடிந்தது எதனால்? யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்க்குப் பெரும்பாலும் மிஷன் பள்ளி ஆசிரியப் பணியே கிடைத்தது. சபையை விட்டால் சம்பளமும் போகும். தாமோதரம்பிள்ளையோ சென்னை அரசாங்கத்தின் கணக்குத் துறையில் பணி புரிந்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அவருடைய சோறு எந்தச் சபையின் கையிலும் இல்லை. அவர் பதிப்பித்தவற்றில் தொல்காப்பியமும் கலித்தொகையும் மட்டுமன்றி, பௌத்தர் இயற்றிய வீரசோழியமும் சமணர் இயற்றிய சூளாமணியும் உள்ளன. விலகியவர் தம் பழைய வீட்டுக்கு எதிராகவே எஞ்சிய நாளெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

படிப்பும் பதவியும் உடையோர் கதை இது. ஏனையோர் கதை நீதிமன்ற ஏடுகளில்தான் கிடைக்கிறது. கிறித்தவத்தினின்று இந்து சமயத்துக்கு வந்தவரின் திருமணம் செல்லுமா என்ற கேள்வி 1909-இல் முத்துசாமி முதலியார் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. சடங்கு எது என்பதைவிட, அந்தச் சாதியார் அவரைத் தம்மவராக ஏற்றார்களா என்பதையே நீதிமன்றம் பெரிதாகக் கருதியது. பெருமாள் நாடார் வழக்கில் 1970-இல் உச்சநீதிமன்றமும், சுத்திச் சடங்கு கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதைக் காட்டும் நடத்தையும் போதும் என்றது.

1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை வந்த பின் இக்கேள்வி திருமணத்தோடும் சொத்தோடும் நிற்கவில்லை. அவ்வாணை இந்துக்களுக்கு மட்டும் அத்தகுதியை அளித்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில், கிறித்தவரான அட்டவணைச் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். எனவே சேரியில் அதே தெருவில், அதே வீட்டில், அதே இழிவைச் சுமந்து வாழ்பவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பதைப் பொறுத்து அவர் பிள்ளையின் சான்றிதழ் மாறும்.

கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967-இல் வென்ற எஸ். ராஜகோபால் வழக்கு இதன் விசித்திரத்தைக் காட்டும். அவர் 1949-இல் கிறித்தவரானவர். பின்னர் இந்துவானதாகச் சொன்னார். 1968-இல் உச்சநீதிமன்றம், ஆதிதிராவிடச் சாதியில் அவர் மீண்டும் சேர்ந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவர் தேர்தலை ஏற்கவில்லை. 1972-இல் அவரே மீண்டும் வென்றார். எதிராளியும் அதே ஆறுமுகம். இம்முறை, சாதி மாநாடுகளிலும் கோயில் விழாவிலும் அவர் பங்கேற்றதையும் சுற்றத்தார் அவரை ஏற்றதையும் கருதி, நீதிமன்றம் அவர் ஆதிதிராவிடரே என்றது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய நம்பிக்கை மாறியதாக எவரும் சொல்லவில்லை. சாட்சிகள்தான் கூடியிருந்தார்கள். இராசிபுரம் தொகுதி பற்றிய 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சற்றுத் தாராளமானது; திரும்பியவரைச் சாதி தானே வந்து பற்றிக்கொள்ளும் என்ற நோக்கில் அமைந்தது. 2015-இல் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் மூன்று நிபந்தனைகளைத் தொகுத்துச் சொன்னது: முன்னோர் அச்சாதியினர் என்பதற்குச் சான்று, திரும்பியதற்குச் சான்று, அச்சமூகத்தார் ஏற்றதற்குச் சான்று. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவர் இன்னும் கிறித்தவராகவே வாழ்கிறார் என முடிவு செய்து சான்றிதழ் மறுக்கப்பட்டது. நம்பிக்கையின்றி ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்றது நீதிமன்றம்.

இனி மலைக்கு வருவோம். போடியிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக ஏறினால் டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் குண்டளை, மூணாறு. கண்ணன் தேவன் மலைகள் 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாகக் கிடைத்த பின், தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் சென்றன. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. பெட்டிகள் இறங்கிய அதே சரிவுகளில் நம் மக்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற அவர்களுள் இந்துக்களும் இருந்தனர்; கிறித்தவர்களும் இருந்தனர். ஏலத்தோட்டங்களுக்குப் போடிமெட்டு வழியாகக் காலையில் ஜீப்பில் போய் மாலையில் திரும்புவோரின் ஆவணங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தேயிலைத் தோட்ட லயங்களில் தங்கிவிட்டோருக்கு ஆவணம் என்பது தோட்ட அலுவலகத்தின் செக்ரோலும் கோயிற்பற்றின் ஏடுமே. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன.

தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா 7,848 வாக்குகளில் வென்றார். எதிர்த்து நின்ற காங்கிரசின் டி. குமார், ராஜா கிறித்தவர் என்றும், தனித்தொகுதியில் நிற்க உரிமையற்றவர் என்றும் வழக்கிட்டார். ராஜா, தாம் இந்து பறையர் சாதியினர் என்றும் மதம் மாறவில்லை என்றும் சொன்னார். குண்டளையிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை நீதிமன்றத்துக்கு வந்தன. திருமணப் புகைப்படங்களும் ஆராயப்பட்டன. அட்டவணைச் சாதித் தகுதி மாநிலவாரியானது என்பதால், குடும்பம் 1950 ஆகஸ்டு 10-க்கு முன் மலையேறியதா என்ற கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச் 20-இல் கேரள உயர்நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே 6-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, ராஜாவின் தேர்தலை நிலைநிறுத்தியது.

வென்றவர் யார் என்பதைவிட, இவ்வழக்கு நம்முன் வைக்கும் வாழ்நிலை கவனத்துக்குரியது. ஒருவர் 'நான் அதில் இல்லை' என்று சொன்னால் அச்சொல் ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்படும், முடிவாகாது. மலைமேல் ஓர் ஆலய அலமாரியில் எவரோ எப்போதோ எழுதிய வரி அவருக்கு எதிராகப் பேசலாம். சட்டமன்ற உறுப்பினருக்கு வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். லயத்தில் வாழும் தொழிலாளிக்கு அது எளிதன்று. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அமர்கின்ற எம் போன்றோர், பாட்டிக்கு ஒரு சமயமும் பேரனுக்கு ஒரு சமயமுமாக வரும் தாள்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அத்தாள்களுக்குப் பின்னால் மோசடி இருப்பதாக முதலிலேயே எண்ணிவிடுவது எளிது. பெரும்பாலும் இருப்பது ஒரு குடும்பத்தின் நடமாட்டம்: ஒரு கல்யாணம், ஒரு நோய், ஒரு சண்டை, ஒரு பள்ளிக்கூடம்.

மார்மன் சபையை விட்டவருக்கு, சபை பெயரை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பின் அவர் எங்கே போகிறார் என்று அரசு கேட்பதில்லை. இங்கே அடிப்பது எளிது. அடித்த பின் இன்னோரிடத்தில் எழுதப்பட்டாக வேண்டும். எழுதச் சம்மதிக்க வேண்டியவர்கள் சாதியார். ஆகவே நம்மிடையே சமயத்தை விட்டவர் சாதியின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சாதியிலிருந்து தப்பவே முன்னோர் சமயம் மாறியிருந்தாலும் வழி இதுவே. எதிலும் எழுதப்பட விரும்பாதவர்க்கு இடமுண்டா என்றால், 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழைப் பெற்றார். அதைப் பெற அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஒதுக்கீட்டையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அவ்வழி உதவாது.

சட்டத்தைத் திருத்துவது நீதிமன்றமும் பாராளுமன்றமும் செய்ய வேண்டியது. இலக்கியம் பயில்வோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மலைத்தோட்டங்களின் கோயிற்பற்று ஏடுகளும் செக்ரோல்களும் வழக்குக்கு மட்டும் வெளியே வருகின்றன. அவற்றில் பெயர் எழுதப்பட்டவர்கள், அடிக்கப்பட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள் இன்னும் போடியிலும் பூப்பாறையிலும் குண்டளையிலும் வாழ்கிறார்கள். விலகியதைப் பற்றி அவர்கள் தம் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தால், பதிவேடு சொல்லாத பாதியும் தமிழில் சேரும்.