ஆலைவாசலில் தொடங்கிய அரசியல்: புதுச்சேரி இளைஞர் இயக்கங்களின் வழித்தடம்

தமிழ்நாட்டில் இளைஞர் அரசியல் என்று பேச்செடுத்தால் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில்தான் பெரும்பாலும் கதை தொடங்கும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. இங்கே அதற்கு முப்பது ஆண்டு முன்பே, இருபதுகளில் இருந்தவர்கள் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், ஆலைத் தொழிலாளரைத் திரட்டியிருக்கிறார்கள், எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு வழி திறந்துவிட்டது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இலட்சியம் எல்லாத் தலைமுறைக்கும் இருந்திருக்கிறது. அது நுழைவதற்கு ஒரு வாசல் இருந்ததா என்பதில்தான் தலைமுறைகள் வேறுபடுகின்றன.

முதல் தலைமுறை வெளியூர்க்காரர்களுடையது. 1908இல் ‘இந்தியா’ பத்திரிகையோடு பாரதி புதுச்சேரிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1910இல் வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயருக்கு முப்பதுகூட நிறையவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் புதுச்சேரி வந்து ஐயரிடம் பயிற்சி பெற்றவர்தான். இவர்களுக்குப் புதுச்சேரி ஒரு புகலிடம். ஆங்கிலேயப் போலீஸின் கை எட்டாத மண் என்பதே அதன் பெருமை. அந்த மண்ணில் நடந்த பிரெஞ்சு ஆட்சியை அவர்கள் பெரிதாகப் பகைத்துக்கொள்ளவில்லை, பகைத்துக்கொள்ளவும் முடியாது. புகலிடம் தந்தவனோடு யார் சண்டைக்குப் போவார்? பாரதியின் வட்டத்தில் கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் இளைஞர் சேர்ந்தது அந்தக் காலம் இவ்வூருக்கு விட்டுச்சென்ற பெரிய வரவு. அவர் பாரதிதாசனாகி, சுயமரியாதை இயக்கத்தில் நின்று, 1930இல் குத்தூசி குருசாமியை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘புதுவை முரசு’க்குத் துணையானார்.

உள்ளூர் ஆட்சியை நோக்கி உள்ளூர் இளைஞர்கள் திரும்பியது 1930களில். அதன் நடுநாயகம் வ. சுப்பையா. 1911 பிப்ரவரி 7இல் இங்கேயே பிறந்து, இங்கே பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர். 1934 பிப்ரவரி 17இல் காந்தி புதுச்சேரி வந்தார். அந்த வருகைக்கு ஓடியாடி உழைத்தவர்களில் சுப்பையாவும் ஒருவர். அதே ஆண்டு ஜூனில், இருபத்து மூன்று வயதில், ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். அரிசனத் தொண்டு, வாசகசாலை, பத்திரிகை என்று அதுவரை அவர் போன பாதை அந்நாளில் படித்த எந்த இளைஞனும் போயிருக்கக்கூடியதுதான். அவரைத் தனித்துக் காட்டியது அடுத்து எடுத்த திருப்பம். ஆலை வாசலுக்குப் போனார்.

அப்போது ஊரில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன: சவானா, ரோடியர், கெப்ளே. பின்னாளில் இவையே சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி மில்கள் ஆயின. முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, உருளையன்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் அடுப்பு மூட்ட வேண்டும், அடுத்த சங்குக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை. சங்கம் வைக்க உரிமை கிடையாது. பிரான்சில் தொழிற்சங்கம் 1884இலேயே சட்டபூர்வமாகிவிட்டது. அந்தச் சட்டம் கடல் தாண்டி இங்கே வந்து சேரவில்லை. இளைஞர்கள் பிடித்துக்கொண்டது இந்த முரண்பாட்டைத்தான். சமத்துவம் என்று கொடியில் எழுதிக்கொண்ட குடியரசிடம், உன் ஊர்த் தொழிலாளிக்கு உள்ளது எங்கள் ஊர்த் தொழிலாளிக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அந்நியனே வெளியேறு என்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பிரெஞ்சு நிர்வாகத்துக்குச் சங்கடமாக இருந்தது.

காலமும் கைகொடுத்தது. 1936 ஜூனில் பாரிஸில் லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, தொழிலாளருக்கு வாரம் நாற்பது மணி நேர வேலையை ஒப்புக்கொண்டிருந்தது. புதுச்சேரி ஆலைகளிலும் வேலைநிறுத்தம் பரவியது. ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிரான்சில் இடதுசாரி அரசு இருக்கும்போதே அதன் குடியேற்றத்தில் இது நடந்தது என்பதை ஒதுக்கிவிட்டு அந்த அரசைப் புகழ முடியாது. ஆனாலும் விளைவு வந்தது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேர வேலை கிடைத்த இடம் என்று ஜூலை 30 தியாகிகள் நாள் கூட்டங்களில் இன்றும் பேசுகிறார்கள். பத்திரிகை நடத்தியவர்களுக்குச் சிலையும் தெருப்பெயரும் கிடைத்தன. சுடப்பட்டவர்களைப் பெரும்பாலும் ‘பன்னிருவர்’ என்ற எண்ணாகவே நினைவுகூர்கிறோம். வரலாறு எழுதும் நம் போன்றோரின் பழைய குறை இது.

1947க்குப் பிறகு இந்தியாவோடு இணைவதே முதன்மைக் கோரிக்கையானது. பிரெஞ்சிந்திய மாணவர் காங்கிரஸ் ஊர்வலம், வகுப்புப் புறக்கணிப்பு என்று இயங்கியது. முடிவு எடுக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அத்தனை பேரும் சட்டமன்ற, நகராட்சிப் பிரதிநிதிகள். அடிபட்ட மாணவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. அதற்காக அவர்கள் உழைப்பு வீண் என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சு சார்பாக இருந்த தலைவர்கள் பலர் கடைசி நேரத்தில் அணி மாறியதில், தெருவில் எழுந்த குரலுக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அந்தத் தலைமுறையில் ஒருவர் வேகமாக மேலே வந்தார். மாணவப் பருவத்திலேயே விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்ட எம்.ஓ.எச். ஃபாரூக், 1967இல் 29 வயதில் முதலமைச்சரானார். சுப்பையாவும் பின்னர் அவர் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

1979இல் காற்று எதிர்த்திசையில் அடித்தது. சிறிய ஒன்றியப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்கலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியதும் ஜனவரியில் புதுச்சேரி கொந்தளித்தது. கடையடைப்பு, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைமுறை இணைப்புக்காகத் தெருவில் இறங்கியது, அடுத்தது இணைப்பை எதிர்த்து இறங்கியது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் விருப்பத்தை அறியாமல் இப்பகுதியின் நிலையை மாற்றக் கூடாது என்று 1956 மே 28இல் கையெழுத்தான இந்திய–பிரெஞ்சு உடன்படிக்கையிலேயே ஒரு பிரிவு உண்டு. 1936ஐப் போலவே 1979இலும் ஆட்சியாளர் எழுதிக் கொடுத்ததே ஆட்சியாளரிடம் கேட்கும் கேள்விக்கு அடிப்படையானது.

ஆலைக் குடும்பங்கள் வாழ்ந்த நெல்லித்தோப்பு இன்று வேறு கதை சொல்கிறது. தொகுதியின் பெயர் நாடறிந்தது 2016 இடைத்தேர்தலில், முதலமைச்சர் நாராயணசாமி இங்கே நின்று வென்றபோது. 2021இல் வேறொரு குடும்பத்தில் தந்தை காமராஜ் நகரிலும் மகன் நெல்லித்தோப்பிலும் வென்றார்கள். இளையவர் ஒருவர் சட்டமன்றம் போவதில் குறையேதும் இல்லை. ஆனால் அப்படியொரு குடும்பம் இல்லாத பையன் எந்த வழியாகப் போவான்? மூன்று ஆலைகளும் 2020இல் மூடப்பட்டுவிட்டன. அவற்றோடு சங்கத் தேர்தலும் வாயிற்கூட்டமும் போயின. கட்சியின் இளைஞரணி உண்டு. தலைவர் பிறந்தநாள் பேனரில் வரிசையாக வரும் படங்களில் அவன் முகமும் இடம்பெறும்.

இருக்க வேண்டிய இன்னொரு வழி நகராட்சி. 1880 முதல் பிரெஞ்சு ஆட்சியிலேயே இங்கு தேர்தல் கண்ட மன்றம் அது. 1968க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாக அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். கீழூரில் இந்த மண்ணின் தலைவிதியை முடிவு செய்தவர்களில் பலர் நகராட்சி உறுப்பினர்கள். இருபத்தோரு வயதில் ஒருவன் போட்டியிடக்கூடிய பதவி உள்ளாட்சியில்தான் உண்டு. சட்டமன்றத்துக்கு நிற்க அவன் இருபத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டும்.