ஒரே சைஸ், ரெண்டு வம்சம்: 18650 செல்லின் கதை

பனமரத்துப்பட்டியில இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். அரளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல லெட் ஆசிட் பேட்டரி போயிடுச்சு. சோலார் லைட்ல கழட்டின லித்தியம் செல் மூணு, பழைய லேப்டாப் செல் ஒண்ணு கையில இருக்கு. எல்லாமே 18650. மீட்டர்ல வச்சா நாலும் 3.3 வோல்ட் காட்டுது. நாலையும் சீரிஸ்ல கட்டலாமா?

கூடாதுங்க. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும்.

18650 என்பது அளவு மட்டும்தான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். உள்ளே என்ன இருக்குன்னு அந்த எண் சொல்லாது. லேப்டாப் செல்லோட வம்சம் கோபால்ட். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு, கோபால்ட் ஆக்சைடு 4 வோல்ட் தரும்னு காட்டியது. ஜப்பானில் அகிரா யோஷினோ எதிர்முனைக்குக் கார்பனைக் கொண்டு வந்தார். 1991-ல் சோனி அதை விற்பனைக்கு விட்டது.

கோபால்ட் விலை அதிகம். இரும்பு மலிவு, ஆனா இரும்பு ஆக்சைடு 2.5 வோல்ட்டைத் தாண்டாது. இங்கதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டின் அமராபுரம் கிராமத்தில் பிறந்தவர். மதுரையில் வேதியியல் படிச்சு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, 1985-ல் குட்இனஃப்கிட்ட ஆராய்ச்சிக்குப் போனார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலா இரும்பு சல்பேட் வச்சா அதே இரும்பு 3.6 வோல்ட் தருதுன்னு ரெண்டு பேரும் காட்டினாங்க. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கிப் பிடிக்குது. இரும்போட பிணைப்பு தளருது, வோல்ட் ஏறுது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடிச்ச இடம் இதுதான்.

அந்த வழியில டெக்சாஸில் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் 1997-ல் வெளியிட்டதுதான் இரும்பு பாஸ்பேட். நம்ம சோலார் லைட் செல். சூடானாலும் இதுல ஆக்சிஜன் லேசுல வெளிய வராது. கோபால்ட் செல் ஓவர் சார்ஜ் ஆகிச் சூடானா, தன் தீக்குத் தானே ஆக்சிஜன் கொடுக்கும். (2019-ல் நோபல் பரிசு வந்தப்போ, 97 வயது குட்இனஃப் சார்பா ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தினதும் மந்திரம்தான்.)

இப்ப ஸ்பிரேயருக்கு வருவோம். பாஸ்பேட் செல் நிறையுறது 3.65 வோல்ட்ல, லேப்டாப் செல் 4.2-ல். மீட்டர்ல 3.3 காட்டுற பாஸ்பேட் செல்லில் சார்ஜ் நிறைய இருக்கலாம், 3.3 காட்டுற லேப்டாப் செல் கிட்டத்தட்ட காலி. லேப்டாப் செல்லுக்கான பி.எம்.எஸ். போட்டா அது பாஸ்பேட்டை 4.2 வரைக்கும் ஏத்த விடும். எலக்ட்ரோலைட் சிதைஞ்சு செல் உப்பும். பாஸ்பேட் பி.எம்.எஸ். போட்டா லேப்டாப் செல் நிறையவே நிறையாது. முதல்ல தீர்ந்து போறதும் அதுதான்.

பேரலல்ல கட்டுறது இன்னும் மோசம். ஒண்ணு 4.1, ஒண்ணு 3.3, உள் மின்தடை ஆளுக்கு 50 மில்லி ஓம்னு வச்சுக்குங்க. வித்தியாசம் 0.8 வோல்ட், தடை 0.1 ஓம். தொட்ட நொடியே 8 ஆம்பியர் பாயும்.

அதனால இன்னொரு பாஸ்பேட் செல் வாங்கிடுங்க. நாலு சேர்ந்தா 12.8 வோல்ட், பழைய லெட் ஆசிட் இடத்துக்குச் சரியா வரும். நாலோட கொள்ளளவும் ஒண்ணா இருக்கணும். அதை டெஸ்டர்ல முழுசா ஏத்தி இறக்கித்தான் பார்க்கணும். மேலுறை உரிஞ்சு, என்ன செல்னே தெரியலைன்னா மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க.