மாற்கு வரைந்த மனிதர்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய பள்ளிக்கூட மண்டபங்களில் முன்னாள் அதிபர்களின் உருவப்படங்கள் வரிசையாகத் தொங்கும். வீட்டு விறாந்தையில் பாட்டன், பூட்டன் படங்கள். ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் 'கல்வெட்டு' என்னும் நினைவுமலரின் முன்பக்கத்தில் அவர் முகம். ஆளைப் படமாக்கிப் பேணுவது இந்த மண்ணின் ஊறிய வழக்கம். படம் ஆளை அச்சொட்டாகக் காட்டவேண்டும் என்பதே அந்த வழக்கத்தின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்புக்குள் வேலை செய்தவர்களுக்கும் வரலாறு உண்டு. சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ்.ஆர்.கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். சித்திர ஆசிரியர்கள் ஒன்றுகூடி வரையவும், ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கவும் அது இடம் கொடுத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1943இல், கொழும்பில் '43 குழு' உருவானது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பெயர்த்து வைப்பதுதானா ஓவியம் என்ற கேள்வியை இலங்கை முழுவதற்குமாக எழுப்பியவர்கள் அவர்கள்.

அந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்து மாணவர்களின் கையில் கொடுத்தவர் அ. மாற்கு.

1933இல் குருநகரில் பிறந்தவர். கடலை நம்பி வாழும் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அது. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்று, ஊர் திரும்பிச் சித்திர ஆசிரியரானார். பாடசாலைப் பாடவேளைகள் அவருக்குப் போதவில்லை. 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' அமைத்து, விடுமுறை நாட்களிலும் இளைஞர்களைச் சேர்த்துக் கற்பித்தார்.

வாழ்நாள் முழுவதும் அவர் நாடியது மனித உருவத்தைத்தான். பெண்ணுருவங்கள் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தன. இன்னாருடைய முகம் என்று சுட்டிக்காட்டும் படங்களல்ல அவை. ஒரு தோளின் சரிவு, கழுத்தின் சாய்வு, இரண்டு உடல்கள் ஒன்றையொன்று தாங்கும் விதம் ஆகியவற்றைச் சில கோடுகளில் பிடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவார். அச்சொட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது முதலில் குறையாகத் தெரியும். நின்று பார்த்தால் அந்த உருவத்தின் களைப்பும் பாசமும் பிடிபடும். யாழ்ப்பாணத்து ஓவியத்துக்கு மாற்கு தந்த பெரிய கொடை இந்தப் பார்வைதான்.

1987இல் அவரைக் கௌரவித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. போர் நடுவே ஓர் ஓவியருக்காக எழுத்தாளர்கள் கூடி நூல் செய்தார்கள் என்பது, அந்தச் சமூகம் அவரை எங்கே வைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் முன்னேறிவர, வலிகாமம் ஒரே இரவில் காலியானது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பலர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தார்கள். மறுவருடம் கிளிநொச்சியும் விழ, மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்பு எங்கும் தறப்பாள் கொட்டில்கள் எழுந்தன. சைக்கிளில் அரிசி மூட்டையும் பிள்ளையும் வந்தன. சட்டமிட்ட ஓவியம் எப்படி வரும்? மாற்குவும் இடம்பெயர்ந்தார். பல ஆண்டு உழைப்பில் உருவான ஓவியங்கள் பெருமளவில் அழிந்துபோயின. 2000ஆம் ஆண்டு மன்னாரில் அவர் காலமானார்.

எஞ்சியிருப்பவர்கள் மாணவர்கள். வாசுகி, அருந்ததி, நிலாந்தன் என்று அவரிடம் கற்றவர்கள் பின்னாளில் தத்தம் வழியில் வரைந்தார்கள், எழுதினார்கள். கூடவே, ஊரிலும் புலம்பெயர் தேசங்களிலும் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவரில் மாற்குவின் ஓவியம் இன்னும் இருக்கக்கூடும். வைத்திருப்பவர்கள் அதை நல்ல வெளிச்சத்தில் ஒளிப்படமெடுத்து, அளவும் ஊடகமும் கிடைத்த விதமும் குறித்து, ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பிக்கவேண்டும். அவரை நேரில் அறிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அந்த ஓவியங்களின் பட்டியல் தயாராகவேண்டும்.